சோலாரில் வெந்நீர் வரவில்லையா? மொட்டை மாடி மோட்டரைஸ்டு வால்வையும் ஒரு பார்வை பாருங்கள்

மதுரையில் இப்போது கட்டும் வீடுகளில் இது சகஜமாகிவிட்டது. கீழே ஒரு போர், ஒரே பம்ப். மேலே இரண்டு டேங்க்: வீட்டுக்காரருக்கு ஒன்று, மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று. எந்த டேங்க் காலியாகிறதோ அந்தப் பக்கம் தண்ணீரைத் திருப்பிவிட ஆளுக்கொரு மோட்டரைஸ்டு வால்வு. வீட்டுக்காரர் டேங்கிலிருந்துதான் சோலார் ஹீட்டருக்கும் தண்ணீர் போகும். அந்த வால்வு மூடியபடியே நின்றுவிட்டால் டேங்க் ஏறாது. டேங்கில் தண்ணீர் இல்லையென்றால் சோலாரில் இருக்கும் வெந்நீரைத் தள்ளிவிட ஆள் இல்லை, குளியலறைக் குழாயில் காற்றுதான் வரும்.

எங்கள் வீட்டில் இப்படி ஆனபோது முதலில் வந்தவர் சோலாரின் கண்ணாடிக் குழாய்களைக் கழற்றிப் பார்த்தார். அடுத்து வந்தவர் பம்ப்புக்குக் கன்டென்சர் மாற்றினார். மூன்றாமவர் புது வால்வு போட வேண்டும் என்று விலை சொன்னார். கெட்டுப்போயிருந்தது வால்வுக்குக் கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட் அடாப்டர். ஆகவே புதிதாக இந்த அமைப்போடு வீடு கட்டியவர்களும், கட்டிய வீட்டை வாங்கியவர்களும் யாருக்காவது பணம் எடுத்துக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டரைஸ்டு வால்வு என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. கீழே துளையுள்ள ஒரு பந்து உருளும் பித்தளை உடம்பு. மேலே அந்தப் பந்தைக் கால் சுற்று திருப்பும் சின்ன மோட்டாரும் பல்சக்கரமும் உள்ள தலை. கடைக்காரர்கள் ஆக்சுவேட்டர் என்பது இந்தத் தலையைத்தான். எது கெட்டது, உடம்பா, தலையா, அதற்கு வரும் கரண்டா என்று கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

1. முதலில் இன்றைய தண்ணீருக்கு வழி செய்யுங்கள்

பம்ப்பின் எம்.சி.பி.யை (போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்ச்) இறக்குங்கள். இது கட்டாயம். இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பம்ப் ஓடினால் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது, ஒட்டிய இடத்தில் பைப் பிய்த்துக்கொண்டு போகும். வால்வு 230 வோல்ட் வகையாக இருந்தால் வால்வுக்கும் பம்ப்புக்கும் கட்டளை கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டியின் சுவிட்சையும் அணையுங்கள்.

அப்புறம் வால்வின் தலையைப் பாருங்கள். பல வகைகளில் கையால் திருப்ப ஒரு குமிழோ, பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோலோ இருக்கும். சிலவற்றில் குமிழை மேலே இழுத்துத் திருப்ப வேண்டும், சிலவற்றில் அழுத்தித் திருப்ப வேண்டும். திறந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பம்ப்பைப் போட்டு, பக்கத்திலேயே நின்று டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். வாடகைக்காரர் டேங்கையும் நிரப்பிவிட்டால் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டேங்க் பல நாள் காலியாகக் கிடந்திருந்தால், சில வீடுகளில் சோலாரில் இருக்கும் தண்ணீரும் குளிர்நீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கி வடிந்திருக்கும். வெற்றுக் கண்ணாடிக் குழாய்கள் வெயிலில் 200 டிகிரி செல்சியஸ்கூடத் தாண்டும். நண்பகலில் அதில் பச்சைத் தண்ணீரை விட்டால் குழாய் சட்டென்று வெடிக்கும். சந்தேகம் இருந்தால் சோலாருக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டு டேங்கை மட்டும் நிரப்புங்கள். சோலாருக்கு விடியற்காலையில் விடலாம்.

2. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

தலையில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுங்கள். வோல்டேஜ், மாடல் எண், சீரியல் எண் தெரிய வேண்டும். மொட்டை மாடி வெயிலில் அந்த எழுத்து ஓரிரு கோடையிலேயே மங்கிவிடும். புதிதாக வால்வு போட்டிருப்பவர்கள் இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒயர்களை எண்ணுங்கள்.

இரண்டு ஒயர் என்றால் பெரும்பாலும் கரண்ட் வந்தால் திறக்கும், நின்றால் தானாக மூடும். மூடுவதற்கான சக்தியை உள்ளே ஒரு ஸ்பிரிங்கோ கப்பாசிட்டரோ வைத்திருக்கும். கப்பாசிட்டர் வகையில் வெயில் பட்டுப் பட்டு அது வலுவிழந்தால் வால்வு திறக்கும், மூடாது. நேர், எதிர் ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும் இரண்டு ஒயர் வகையும் உண்டு.

மூன்று ஒயர் என்றால் ஒன்று பொது, ஒன்று திறக்க, ஒன்று மூட. கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே நிற்கும். இதை வைத்திருப்பவர்கள் மின்வெட்டுக்குப் பிறகு 'வால்வு கெட்டுப்போச்சு' என்று பதற வேண்டாம், கன்ட்ரோலர் மறுபடி கட்டளை கொடுக்கும் வரை அது அப்படித்தான் இருக்கும்.

ஐந்து ஒயர் என்றால் கூடுதல் இரண்டும் 'திறந்துவிட்டேன், மூடிவிட்டேன்' என்று கன்ட்ரோலருக்குத் தகவல் சொல்ல. அந்தத் தகவல் போகாவிட்டால் வால்வு சரியாக இருந்தாலும் பம்ப் ஓடாது.

தலை உருளையாக இருந்து, திறக்கும்போது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டால் அது மோட்டார் இல்லாமல் மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வு. அதற்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

3. கட்டளை கொடுத்துவிட்டுக் காது கொடுங்கள்

பம்ப் எம்.சி.பி. இறக்கியே இருக்கட்டும். கன்ட்ரோலரில் வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒருவர் மேலே நிற்க வேண்டும். நல்ல வால்வு மெல்லிய உறுமலோடு ஐந்திலிருந்து பதினைந்து நொடிக்குள் திரும்பி நின்றுவிடும், தலையில் இருக்கும் குறியும் கூடவே திரும்பும்.

சத்தமும் இல்லை, அசைவும் இல்லை என்றால் கரண்ட் வரவில்லை என்பதே முதல் சந்தேகம். நான்காவது படிக்குப் போங்கள்.

உறுமுகிறது, குறி திரும்பவில்லை என்றால் பந்து உப்பில் இறுகியிருக்கும் அல்லது உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். ஐந்தாவது படி. இந்த நிலையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், சின்ன மோட்டார் புகைந்துவிடும்.

குறி முழுதாகத் திரும்புகிறது, ஆனால் மூடிய பிறகும் தண்ணீர் கசிந்து அந்த டேங்குக்குப் போகிறது என்றால் பந்தைச் சுற்றியிருக்கும் டெஃப்லான் வளையம் கீறியிருக்கும். போர் மணல்தான் காரணம். அந்த உடம்புக்கு வைத்தியம் கிடையாது, மாற்ற வேண்டியதுதான்.

கன்ட்ரோலரில் கையால் போட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, தானியங்கியில் மட்டும் நடக்கவில்லையா? வால்வை விட்டுவிட்டு டேங்குக்குள் தொங்கும் சென்சாரைப் பாருங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் சென்சார் கம்பிகளின் மேல் வெள்ளைப் படிவம் கட்டிவிடும். ஈரமாக இருக்கையில் அது இரண்டு கம்பிகளையும் இணைத்து, காலி டேங்கை நிறைந்த டேங்க் என்று சொல்ல வைக்கும். படிவம் தடித்துக் காய்ந்துபோனால் நேர்மாறாக, டேங்க் வழிந்தாலும் நிறையவில்லை என்று சொல்லும். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும், செலவு இருபது முப்பது ரூபாய்.

4. கரண்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள்

மல்டிமீட்டர் சாதாரணமானது 250 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு தடவை மெக்கானிக் வந்துபோகும் செலவுக்குள் அடங்கிவிடும். நான் கீழே சொல்வது 12, 24 வோல்ட் வால்வுகளுக்கு மட்டும். 230 வோல்ட் வகை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஈரமான மொட்டை மாடியில் அதில் விளையாட வேண்டாம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒயரைக் கழற்றிவிட்டு அடாப்டர் முனையை மட்டும் அளந்தால் சோர்ந்துபோன அடாப்டரும் கம்பீரமாக 12 காட்டும். வால்வு மாட்டியபடியே, திறக்கும் கட்டளை கொடுத்த நொடியில் அளக்க வேண்டும். அப்போது 12 அப்படியே நின்றால் அடாப்டர் நல்லது. எட்டு, ஏழு என்று சரிந்தால் அதுதான் குற்றவாளி. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் 150 முதல் 300 ரூபாய்.

அடாப்டர் சரி, வால்வு முனையில் மட்டும் வோல்டேஜ் இல்லை என்றால் நடுவில் ஒயர் ஜாயின்ட்டைத் தேடுங்கள். கீழ்த்தளத்திலிருந்து மாடி வரை போகும் ஒயரில் எங்காவது முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். மழை பெய்தால் அங்கே பச்சை பூத்துவிடும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) 'டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டும் வெளியே வோல்டேஜ் வரவில்லை என்றால் ரிலேயின் முனை கருகியிருக்கலாம். அதை எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர் குறைந்த செலவில் மாற்றிக் கொடுப்பார். முழு கன்ட்ரோலரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

5. தலையையும் உடம்பையும் பிரியுங்கள்

வாரன்ட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் படியைத் தாண்டி ஏழாவது படிக்குப் போங்கள். கழற்றும்போது ஸ்டிக்கர் கிழிந்துவிட்டால் வாரன்ட்டி கிடையாது என்று கையை விரித்துவிடுவார்கள்.

வாரன்ட்டி முடிந்திருந்தால், தலையைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது நான்கு ஸ்குரூக்களைக் கழற்றினால் தலை தனியே வரும். இதற்குத் தண்ணீரை வடிக்கத் தேவையில்லை. சில மலிவு வால்வுகளில் தலையும் உடம்பும் ஒன்றாகவே இருக்கும், அவை கெட்டால் குப்பைதான்.

தலை வந்ததும் உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைச் சின்ன ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் உடம்பு நல்லது, கோளாறு தலையில். பல்லைக் கடித்துத் திருப்ப வேண்டியிருந்தால் உப்பு. தண்டைச் சுற்றி வெள்ளையாக, விரல் நகத்தால் சுரண்டினால் உதிரும் ஒரு வளையம் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் தண்டின் ரப்பர் வளையம் வழியே தண்ணீர் கசிந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து நனையப்போவது தலைதான்.

உப்பு என்றால் உடம்பைக் கழற்றி ஊறவைக்க வேண்டும். டேங்குக்குள் தண்ணீர் மேலிருந்து விழும்படி குழாய் போட்டிருந்தால் கழற்றும்போது பைப்பில் நிற்கும் தண்ணீர் மட்டும் கொட்டும். குழாய் டேங்கின் அடியில் நுழைந்தால் மொத்த டேங்கும் உங்கள் தலையில். முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), இரவு முழுக்க ஊறட்டும். காலையில் தண்டைத் திருப்பித் திருப்பி நன்றாகக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஆகும், உண்மைதான். பித்தளையையும் சேர்த்தே அது அரிக்கும்.

6. தலையைத் திறந்தால் என்ன இருக்கும்

மூடியைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது எறும்புக் கூடு. பக்கத்து வேப்ப மரத்துச் சிற்றெறும்புகள் ஒயர் நுழையும் ஓட்டை வழியே போய் மண் கொண்டுவந்து கட்டியிருந்தன. பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு, ஒயர் நுழையும் இடத்தில் சிலிக்கோன் வைத்து அடைக்க வேண்டும்.

அதற்கடுத்து, தண்டோடு சுற்றும் ஒரு பிளாஸ்டிக் கேம் (ஒரு பக்கம் மேடான சக்கரம்), அது தட்டுவதற்கு இரண்டு மைக்ரோ சுவிட்ச். திறந்தது போதும் என்று மோட்டாரை நிறுத்துவது ஒன்று, மூடியது போதும் என்று நிறுத்துவது இன்னொன்று. வால்வு ஒரு பக்கம் மட்டும் போகிறது, மறுபக்கம் திரும்புவதில்லை என்றால் அதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் அழுத்தினால் 'கிளிக்' கேட்க வேண்டும். சுவிட்ச் விலை ஐம்பது ரூபாயைத் தாண்டாது, சால்டரிங் தெரிந்தவர் வேண்டும். பல்சக்கரம் தேய்ந்திருந்தால் தனியாகக் கிடைப்பது கஷ்டம், முழுத் தலையாக வாங்குங்கள்.

7. காகிதங்கள்

பணம் மிச்சமாவது இங்கேதான், ஆனால் யாருக்கும் இதில் பொறுமை இருப்பதில்லை. கையில் இருக்க வேண்டியவை: ஜி.எஸ்.டி. பில், கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரன்ட்டி கார்டு, சீரியல் எண் படம், கோளாறைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ. வீடியோவில் மல்டிமீட்டர் 12 காட்டுவதும் வால்வு அசையாமல் இருப்பதும் ஒரே காட்சியில் வரட்டும். 'கரண்ட் வந்திருக்காது சார்' என்ற பதிலுக்கு இடமே இருக்காது.

புது வீட்டில் பிளம்பரே வால்வை வாங்கிப் போட்டிருப்பார், பில் அவர் பெயரிலோ கான்ட்ராக்டர் பெயரிலோ இருக்கும். வீட்டை ஒப்படைக்கும்போதே கேட்டு வாங்குங்கள். கடைசி தவணைப் பணம் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

சர்வீஸுக்கு வருபவரிடம் ஜாப் கார்டில் 'என்ன பார்த்தார், என்ன மாற்றினார்' என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள். நல்ல தலையோடு கூடிய பழைய வால்வை 'இது எதுக்கு சார்' என்று பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

8. வாங்கப் போகும்போது

மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் சுற்றியிருக்கும் ஹார்டுவேர், எலக்ட்ரிகல் கடைகளில் விசாரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் இருக்காது. சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிப் பக்கம் வால்வு வாங்கப் போகும் எண்ணமே வேண்டாம். எல்லாக் கடையிலும் சரக்கு இருக்காது, சொல்லி வரவழைத்தால் சில நாள் ஆகும். ஆன்லைனில் விலை குறையும், ஆனால் தலை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

நான் விசாரித்தவரை ஓர் அங்குலப் பித்தளை வால்வு 1,500 முதல் 3,500 ரூபாய் வரை. கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: பழைய வால்வின் அதே வோல்டேஜா, அதே ஒயர் எண்ணிக்கையா, பந்தின் துளை பைப் அளவுக்கு முழுதாக இருக்கிறதா, கையால் திருப்பும் வசதி உண்டா, ஐ.பி. 65 (தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்பதற்கான குறியீடு) அல்லது அதற்கு மேலா.

'சோலனாய்டு வால்வு பாதி விலைதான், அதையே போடுங்க' என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். சாதாரண சோலனாய்டு ஒழுங்காகத் திறக்கத் தண்ணீருக்குக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால்தான் ஒரு பார். டேங்கிலிருந்து ஒரு மாடி இறங்கும் குழாயில் சுமார் 0.3 பார்தான் இருக்கும், அங்கே அது திக்கித் திணறும். பம்ப் தள்ளும் குழாயில் திறக்கும், ஆனால் போர் மணல் அதன் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

சோலாரின் வெந்நீர்க் குழாயில் வால்வு போடுவதாக இருந்தால் பி.வி.சி. உடம்பு கூடவே கூடாது, 60 டிகிரிக்கு மேல் அது இளகும். பித்தளை அல்லது ஸ்டீல், இரண்டு பக்கமும் வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பைப்.

9. மாட்டும்போது

காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். அக்னி நட்சத்திரத்தில் பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது, பைப் ஒட்டும் சொல்யூஷனும் தடவுவதற்குள் காய்ந்துவிடும். பிளம்பர் கூலி 400, 500 ரூபாய் ஆகும்.

வால்வுக்கு இரண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போடச் சொல்லுங்கள். அடுத்த தடவை பைப்பை அறுக்காமல் கழற்றலாம். வால்வுக்கு முன்னால் ஒய் வடிவ வடிகட்டி ஒன்று வைத்தால் மணல் அங்கேயே தங்கும், 300 முதல் 600 ரூபாய். கூடவே, வால்வைச் சுற்றிப் போகும்படி ஒரு மாற்றுக் குழாயும் கை வால்வும் போட்டுவிட்டால் எந்தக் கோளாறிலும் தண்ணீர் நிற்காது. பிளம்பர் இடம் இல்லை என்பார். இடம் இருக்கும்.

தலை ஒருபோதும் கீழ்நோக்கித் தொங்கக்கூடாது, கசியும் தண்ணீர் நேராக அதற்குள் போகும். ஒயரும் மழைநீர் வழிந்து உள்ளே நுழையாதபடி கீழிருந்து வளைந்து மேலேறட்டும். மேலே ஒரு தகரமோ பாதி வெட்டிய பெயின்ட் வாளியோ நிழலுக்குக் கவிழ்த்துவிடுங்கள்.

சொல்யூஷன் ஒட்டிய இடம் கையால் இழுத்தால் வராது என்பதற்காக உடனே பம்ப் போடாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை விடுங்கள், முடிந்தால் ஒரு ராத்திரி. கன்ட்ரோலரில் வால்வு திறந்து இருபது நொடி கழித்துத்தான் பம்ப் ஓடும்படி தாமதம் வைக்க முடியும், வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வைக்காமல் போவதுதான் வழக்கம்.

அப்புறம், இரண்டு வால்வையும் வாரம் ஒருமுறை முழுதாகத் திறந்து மூடுங்கள். வாடகைக்காரர் ஊருக்குப் போயிருக்கும் மாதங்களில்தான் அவர்கள் பக்கத்து வால்வு இறுகும்.

10. கடையும் கம்பெனியும் கைவிட்டால்

வாரன்ட்டிக்குள் கெட்டும் மாற்றித் தரவில்லை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப், மின்னஞ்சல் எதுவானாலும் சரி, போனில் மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். ஏழாவது படியில் சேர்த்த காகிதங்கள் அப்போது கையில் இருக்கட்டும். பெரும்பாலான சின்னப் பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே நகரும்.

அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டாயிரம் ரூபாய் வால்வுக்காக அவ்வளவு தூரம் போவது உங்கள் விருப்பம். வீடு கட்டிய கான்ட்ராக்டர் மொத்த ஆட்டோமேஷனுக்கும் சேர்த்து வாங்கிய தொகை என்றால், அந்த பில்லை வைத்துப் போவதில் அர்த்தம் இருக்கிறது.